செம்மறித் தீவனத்தில் டானின்: மூட்டையில் வருவது, மில்லில் கிடைப்பது, மரத்தில் காய்ப்பது

மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்மானம் என்று இப்போது பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் டானின், அதாவது துவர்ப்புச் சத்து, அடிப்படையிலானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். செம்மறிக்கு எது பொருந்தும், எவ்வளவு போட வேண்டும், எங்கே காசு வீணாகும் என்பதே கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கிலோ என்ன விலை என்று பார்த்து டானின் பொருளை வாங்கக் கூடாது; அந்தக் கிலோவில் எத்தனை கிராம் டானின் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதிப் பொருள்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

ஆட்டின் பெருவயிற்றில் நார் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. மீத்தேன் நுண்ணுயிர்கள் அதை எடுத்து மீத்தேனாக்கி ஏப்பத்தில் வெளியே அனுப்புகின்றன. ஆடு தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12% வரை இப்படிப் போகிறது. டானின் மூன்று வழிகளில் குறுக்கிடுகிறது. மீத்தேன் நுண்ணுயிர்களை நேரடியாக ஒடுக்குகிறது, அவற்றோடு ஒட்டி வாழும் ஓரணு உயிர்களைக் குறைக்கிறது, நார் செரிமானத்தைச் சற்றுத் தாழ்த்தி ஹைட்ரஜன் வரத்தையும் குறைக்கிறது. மூன்றாவது வழி ஆபத்தானது. அளவு மீறினால் மீத்தேன் குறைவது ஆடு சரியாகத் தின்னாததாலும் செரிக்காததாலும்தான் என்றாகிவிடும்.

இன்னொரு வேலையும் டானின் செய்கிறது. பெருவயிற்றில் புரதத்தைப் பிடித்து வைத்து, அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில் விடுவிக்கிறது. இதனால் பிண்ணாக்குப் புரதம் பெருவயிற்றில் அம்மோனியாவாகச் சிதையாமல் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. விவசாயிக்குக் கையில் காசாகத் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மீத்தேன் குறைவது பூமிக்கு நல்லது. அதற்கென்று யாரும் இங்கே ஆட்டுக்காரருக்குப் பணம் எண்ணி வைப்பதில்லை.

ஹரித் தாரா, டமரின் பிளஸ்

டானின் சேர்மானங்களான இந்த இரண்டையும் உருவாக்கியது பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம். ஹரித் தாரா இந்த நாட்டில் கிடைக்கும் டானின் மிகுந்த தாவரப் பொருள்களிலிருந்து செய்யப்பட்டது. பெருவயிற்றில் எளிதில் உடையாத செறிவுற்ற டானின், அங்கே உடைந்துவிடும் நீராற்பகுப்படையும் டானின் ஆகிய இரு வகையும் அதில் உண்டு. மீத்தேன் 17 முதல் 20% வரை குறையும் என்று நிறுவனம் சொல்கிறது. அறிமுகமானபோது சொல்லப்பட்ட விலை கிலோ சுமார் 6 ரூபாய். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, பெருவயிறு முழுதாக வேலை செய்யத் தொடங்கிய கால்நடைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பால் குடிக்கும் குட்டிக்கு இதனால் பயனில்லை, கெடுதல் வரலாம்.

அந்த நிறுவனத்தின் கணக்குப்படி வளர்ந்த செம்மறி நாளொன்றுக்கு 20 முதல் 25 லிட்டர் மீத்தேன் விடுகிறது; கறவை மாடோ எருமையோ 200 லிட்டர் அளவுக்கு விடுகிறது. செம்மறியின் அளவை எடையாக்கினால் நாளுக்கு 15 கிராம், ஆண்டுக்கு ஐந்தரை கிலோ வரும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆண்டுக்கு ஓர் ஆட்டில் 1 கிலோவுக்குச் சற்று மேல். மீத்தேனின் வெப்பமூட்டும் திறனைக் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு என்று வைத்தால், 30 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நூறு ஆட்டுக்கு 3 டன். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த செம்மறிகள் 45 லட்சம் என்று நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஓர் ஆட்டுக்கு என்று பிரித்தால் கிடைப்பது இவ்வளவுதான். சேர்மானத்துக்கு ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விலைக்கும் சொல்லும் பலனுக்கும் ஹரித் தாராவை நல்ல பொருள் என்றே சொல்வோம். உள்ளூர்ப் பொருள், இரண்டு வகை டானினும் கலந்தது, ஆய்வுக்குட்பட்டது. ஒரே எச்சரிக்கை: பையில் மொத்த டானின் எத்தனை சதவீதம், செம்மறிக்கு உடல் எடைக்கு எத்தனை கிராம் என்று இரண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மாட்டுக்குச் சொன்ன அளவை எடைக்கு வகுத்துச் செம்மறிக்குப் போடுவது சரியில்லை. செம்மறி தன் எடைக்கு மாட்டைவிட அதிகமாகத் தின்னும். தின்னும் உலர்பொருளுக்குத்தான், அதாவது ஈரத்தைக் கழித்த தீவன எடைக்குத்தான், டானினைக் கணக்கிட வேண்டும்.

புளியங்கொட்டைத் தோல்

டமரின் பிளஸ்ஸின் பெயரே காட்டிக்கொடுப்பது போல, புளி நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் டானின் மூலம். புளியங்கொட்டை மாவு அரைக்கும் மில்லில் வறுத்து உடைத்துப் பருப்பை எடுத்தபின் செம்பழுப்புத் தோல் கழிவாக மிஞ்சும். இதைத் தனியாக வாங்கித் தீவனத்தில் கலக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது வறுப்பு. கருகிய தோல் கையில் தேய்த்தால் கரியாக ஒட்டும், மணம் தீய்ந்திருக்கும். அதிக சூட்டில் டானின் ஒன்றோடொன்று பிணைந்து கரையாமல் போய்விடும். எடை இருக்கும், வேலை செய்யாது. செங்கல் நிறத்தில், நாக்கில் வைத்தால் இழுத்துப் பிடிக்கும் தோலே தரமானது. இரண்டாவது மண். களத்தில் கூட்டி அள்ளிய தோலில் மணல் நிறைய இருக்கும். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் நீரில் அலசிப் பாருங்கள், அடியில் படிவது தெரியும். மூன்றாவது அரைப்பு. முழுத் தோலாகப் போட்டால் செம்மறி உதட்டால் ஒதுக்கிவிட்டு மாவை மட்டும் நக்கும். ரவை பருமனுக்கு அரைத்தால் ஒதுக்க முடியாது. மைதா போல அரைத்தால் தூசி மூக்கில் ஏறித் தும்மும்.

இனி கணக்கு. 20 கிலோ எடையுள்ள கொட்டில் கிடாக்குட்டி நாளுக்கு 800 கிராம் உலர்பொருள் தின்னும் என்று கொள்வோம். அடர்தீவனம் 250 கிராம், அதில் 5% புளியங்கொட்டைத் தோல், தோலில் ஆய்வக அறிக்கைப்படி 12% டானின் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போவது பன்னிரண்டரை கிராம் தோல், ஒன்றரை கிராம் டானின். ஒரு கிலோ உலர்பொருளுக்கு 2 கிராம்கூட இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஒரு கிலோ உலர்பொருளுக்கு 20 கிராமுக்குக் கீழே டானின் இருந்தால் மீத்தேன் சில சமயம் குறைகிறது, சில சமயம் குறைவதே இல்லை என்று தெரிந்தது. 20க்கு மேல்தான் விளைவு நிலையாகிறது. 50ஐத் தாண்டினால் தீனி எடுப்பதும் செரிமானமும் விழும். ஆக நாம் பிடிக்க வேண்டிய இடம் குறுகலானது, ஒரு பிடி தோல் அந்த இடத்துக்கு எட்டாது.

தோலை மட்டும் வைத்து 20 கிராமை எட்ட வேண்டுமானால் இந்தக் குட்டிக்கு நாளுக்கு 130 கிராமுக்கு மேல் போட வேண்டும், அதாவது அடர்தீவனத்தில் பாதி. எந்தச் செம்மறியும் அதைத் தின்னாது. அதனால் புளியங்கொட்டைத் தோல் தனியே மீத்தேன் மருந்து அல்ல. புரதத்தைக் காக்கவும், இலைத் தீவனத்தில் வரும் டானினுக்குத் துணையாகவும் அடர்தீவனத்தில் 10% வரை சேர்க்கத் தக்கது. விலைக்கு மிக நல்ல சரக்கு.

சாறு எடுத்த பொடிகள்

வெளிநாட்டில் ஆய்வுகளும் வணிகமும் பெரும்பாலும் இதன் மேல்தான் நடக்கின்றன. தென்னமெரிக்கக் குவெப்ராச்சோ மரத்தின் சாறு, ஐரோப்பியச் செஸ்ட்நட் மரத்தின் சாறு, கறுப்பு வாட்டில் பட்டையின் சாறு. இத்தாலியின் சில்வாடீம் நிறுவனம் செஸ்ட்நட், குவெப்ராச்சோ சாறுகளைச் சில்வாஃபீட் என்ற பெயரில் தீவனத்துக்கென்றே விற்கிறது.

வாட்டில் நமக்கு அந்நியமில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோல் பதனிடும் பட்டைக்காக நட்டு, இப்போது சோலைப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே மரம்தான். 2005இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் புல் தின்ற செம்மறிகளுக்கு ஒரு கிலோ உலர்பொருளுக்கு 41 கிராம் வாட்டில் சாறு கொடுத்தார்கள். அதில் டானின் 25 கிராம். மீத்தேன் சராசரியாக 13% குறைந்தது. சிறுநீரில் போகும் தழைச்சத்தும் குறைந்தது, அது புழுக்கைக்கு மாறியது. கிடை போடும் நம் வழக்கத்துக்கு இந்த இரண்டாவது முடிவு முக்கியமானது. சிறுநீரில் போகும் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். புழுக்கையில் இருப்பது மெல்ல மட்கி வயலில் தங்கும். கொட்டிலிலும் காலையில் கதவைத் திறந்ததும் கண்ணை எரிக்கும் நெடி குறைவது டானின் வேலை செய்வதற்கான ஓர் அடையாளம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கனடாவில் மாடுகளுக்கு உலர்பொருளில் 2% வரை குவெப்ராச்சோ சாறு கொடுத்தபோது மீத்தேன் குறையவில்லை, புரதச் செரிமானம்தான் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் கறவை மாடுகளுக்கு வாட்டில் கொடுத்தபோது மீத்தேன் குறைந்தது, பாலும் குறைந்தது. மரம் மாறினால் டானினின் அமைப்பு மாறுகிறது, ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு எடுத்துப் பயன்படுத்த முடியாது. 60 முதல் 75% டானின் இருக்கும் இப்பொடிகளில் நம் 20 கிலோ குட்டிக்கு நாளுக்கு 22 முதல் 27 கிராம் போதும். அளவு சுருக்கமாக இருப்பது இதன் பலம். இறக்குமதி விலை பலவீனம். சிறு பண்ணைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ரசாயனக் கடைகளில் வாட்டில், குவெப்ராச்சோ மூட்டைகள் மலிவாகக் கிடைக்கும். அதை ஆட்டுக்குப் போடவே கூடாது. தோலுக்கான சரக்கைக் குளிர்நீரில் கரைய வைக்கச் சல்பைட்டு சேர்த்திருப்பார்கள். வேறு உப்புகளும் இருக்கலாம். தீவனத் தரம் என்று எழுதப்படாத மூட்டையை மலிவு என்று தொடாதீர்கள்.

கடுக்காயையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். இந்தியாவில் செம்மறிகளில் உலர்பொருளில் 1% அளவுக்குக் கொடுத்து ஆய்ந்திருக்கிறார்கள், மீத்தேன் குறைகிறது. ஆனால் கடுக்காய் டானின் பெரும்பாலும் நீராற்பகுப்படையும் வகை. பெருவயிற்றில் உடைந்து உட்கிரகிக்கப்படும். அளவு மீறினால் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கும். 1%ஐத் தாண்டக் கூடாது என்பதைக் கண்டிப்பான வரம்பாக வையுங்கள்.

இலையும் நெற்றும்

செம்மறிக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் எளிது: டானினோடு புரதமும் சேர்ந்தே வருகிறது, மூட்டைப் பொருளில் அது வராது.

வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி நல்ல தொடக்கம். விதைத்த 90ஆம் நாள் முதல் வெட்டு, பிறகு 40 நாளுக்கு ஒரு வெட்டு. ஆஸ்திரேலியாவில் இதே பேரினச் செடிகளை மேய்ச்சல் நிலத்தில் விதைக்கிறார்கள்; மீத்தேன் குறைகிறதா என்றும் ஆய்ந்திருக்கிறார்கள். முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. சூபாபுல் மரத்தின் இலை அதைவிடப் புரதம் மிகுந்தது, ஆனால் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் மொத்த உலர்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நிறுத்த வேண்டும். மயிர் கொட்டினாலோ, குட்டி மந்தமானாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

தாராபுரம், காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்தே இருக்கும். கோடையில் உதிரும் வேலங்காயைத் தின்றுதான் அங்கே மேச்சேரி இனச் செம்மறிகள் வறட்சியைக் கடக்கின்றன. நாட்டுக் கருவேல நெற்றும் அப்படியே. இரண்டிலும் டானின் நிறைய உண்டு. முழுதாகப் போட்டால் கடினமான விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிடும், புரதம் வீணாகும். அதனால் இடித்துப் போடுங்கள். வெள்வேலத்தின் இலையிலும் நெற்றிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் பசித்த வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். சீமைக்கருவேல நெற்றை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அது இனிப்பும் மாவும் நிறைந்த ஆற்றல் தீவனம், டானினுக்காக வாங்கும் பொருள் அல்ல.

எப்படிக் கலப்பது

மேலே சொன்ன 20 கிலோ குட்டிக்கே ஒரு கலவை பார்ப்போம். சூபாபுல் பச்சை இலை 700 கிராம். 30% உலர்பொருள் என்றால் 210 கிராம், அதில் 3% டானின் என்றால் 6 கிராமுக்குச் சற்று மேல். வேலிமசால் 600 கிராம். உலர்பொருள் 170 கிராம், அதே 3%இல் 5 கிராம் டானின். அடர்தீவனம் 250 கிராம், அதில் புளியங்கொட்டைத் தோல் 25 கிராம், டானின் 3 கிராம். மீதிக்குக் கோ 29 ரகத் தீவனச் சோளமோ கடலைக்கொடியோ. மொத்தம் 14 கிராம் டானின், ஒரு கிலோ உலர்பொருளுக்கு 18 கிராம். வரம்புக்கு நெருக்கம், ஆபத்தும் இல்லை. இலையின் டானின் பருவத்துக்கும் ரகத்துக்கும் மாறும் என்பதால் 3% என்பதை உங்கள் இலைக்குச் சோதித்துப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. அனுப்பும் முன் டானின் சோதனை செய்கிறார்களா, எந்த முறையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டானிக் அமிலத்துக்குச் சமமாகச் சொல்லும் எண்ணும், செறிவுற்ற டானின் முறையில் வரும் எண்ணும் ஒன்றல்ல. இரண்டு அறிக்கைகளை முறை பார்க்காமல் ஒப்பிடுவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் குழப்பம்.

வீட்டிலேயே வகையை அறிய ஒரு வழி உண்டு. ஒரு தேக்கரண்டிப் பொடியை 100 மில்லி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசல் ஓரிரு துளி விடுங்கள். கரும்பச்சையானால் செறிவுற்ற வகை மிகுதி, கருநீலமானால் நீராற்பகுப்படையும் வகை மிகுதி. இது வகையைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. நிறமே மாறவில்லை என்றால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடர்தீவனத்தில் கலக்கும்போது தோல் பொடியை முதலில் கடலைப் பிண்ணாக்குத் தூளோடு கலந்து, பிறகு மக்காச்சோள மாவும் தவிடும் சேருங்கள். டானினும் புரதமும் முதலில் சந்தித்தால் புரதக் காப்பு நன்றாக அமையும். கொஞ்சம் வெல்லப்பாகு துவர்ப்பை மறைக்கும். தாது உப்புக் கலவையை வேறு வேளையில் கொடுங்கள். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தகரத் தொட்டியில் ஈரமாகக் குழைத்து வைத்தால் மாவு கறுத்துப்போவதும் அதனால்தான். பிளாஸ்டிக் தொட்டி நல்லது. முழு அளவுக்குப் போக இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், கால் பங்கில் தொடங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒரே தொட்டியில் விட்டால் துவர்ப்புக்குப் பழகிய வெள்ளாடு முன்னே போய்த் தின்றுவிடும், கணக்கு இரண்டு பக்கமும் கெடும்.

எங்கே கெட்டுப்போகிறது

பெரும்பாலான தோல்விகளின் காரணம் ஒன்றே: சோளத்தட்டையும் வைக்கோலும் மட்டும் தின்னும் ஆட்டுக்கு டானின் கொடுப்பது. அந்தத் தீவனத்தில் புரதம் ஏற்கெனவே குறைவு. அதையும் டானின் பிடித்துக்கொண்டால் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு அம்மோனியா கிடைக்காது, நார் செரிக்காது, வயிறு நிரம்பியே இருக்கும், ஆடு தின்னாது. மீத்தேன் குறையும்தான்; எடை ஏறாத ஆட்டை இன்னும் இரண்டு மாதம் வைத்துத் தீனி போட்டால் ஒரு கிலோ கறிக்கான மீத்தேன் கூடிவிடும். மொத்தத் தீவனத்தில் புரதம் 12%க்குக் கீழே இருந்தால் டானின் பக்கமே போகாதீர்கள், முதலில் புரதத்தைச் சரி செய்யுங்கள்.

அறிகுறிகளைத் தொட்டியிலும் தரையிலும் பாருங்கள். தொட்டியில் மீதம் கூடுவது முதலில் தெரியும். அடுத்துப் புழுக்கை சிறுத்து, உலர்ந்து, கல்லாக விழும். அப்போது சேர்மானத்தை நிறுத்தி, டானின் இல்லாத பச்சைத் தீவனத்துக்கும் பிண்ணாக்குக்கும் மாற்றுங்கள். சில நாளில் திரும்பாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆய்வகங்களில் டானினைக் கட்டிப்போடப் பாலி எத்திலீன் கிளைகால் பயன்படுத்துவார்கள். பண்ணையில் அதைத் தேடி அலைவதைவிட அளவைக் குறைப்பதே வழி. நெற்றை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சு ஈரலைத் தாக்கும்போது பழி டானின் மேல் விழும். சினையின் கடைசி மாதத்தில் இருக்கும் ஆடுகளுக்கு எந்தப் புதுச் சேர்மானமும் தொடங்க வேண்டாம்.

குடற்புழு விஷயத்தில் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். இரத்தம் உறிஞ்சும் புழுக்கள் மேல் செறிவுற்ற டானினுக்கு ஓரளவு பலன் உண்டு, புழுக்கையில் முட்டை எண்ணிக்கை குறையலாம். ஆனால் கண் இமையின் உட்புறம் வெளுத்த ஆட்டுக்குப் புழுநீக்க மருந்துதான் வேண்டும், இலை அல்ல.

மீத்தேனைப் பண்ணையில் யாரும் அளக்க முடியாது. அதற்கு ஆட்டை உள்ளே விட்டு வெளிவிடும் காற்றை அளக்கும் மூச்சு அறையோ, கழுத்தில் குழாய் கட்டும் வாயுத் தடமுறையோ வேண்டும். அதனால் விற்பவர் "உங்கள் ஆட்டில் 20% குறைந்துவிட்டது" என்று சொன்னால் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் அளக்கக் கூடியது எடை. ஒரே வயதுக் குட்டிகளை இரண்டு பட்டியாகப் பிரித்து, ஒன்றுக்குச் சேர்மானத்தோடும் மற்றதற்கு இல்லாமலும் அதே தீவனம் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் தீனிக்கு முன் தராசில் ஏற்றுங்கள். மூன்று மாதத்தில் சேர்மானப் பட்டி குறைந்தது சமமாகவாவது நின்றால் பொருளைத் தொடரலாம். பின்தங்கினால் அது எந்த நிறுவனத்தின் மூட்டையாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.